தொட்டுப் பார்த்த எண்ணெய்

அக்கா எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். பெயரை எழுதினால் கனடாவில், இந்த ஸ்காபரோவில் பாதிச் சனத்துக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் அக்கா என்றே எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். சொந்தம் ஒன்றும் கிடையாது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அவர் ஓட்டிய வான் வண்டியில் தொழிற்சாலைக்குப் போய்வந்த ஆறு பெண்களில் நான் ஒருத்தி, அவ்வளவுதான்.

தொட்டுப் பார்ப்பது என்றால் சும்மா தொடுவதில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, மெதுவாக உரசுவார். பிறகு தீர்ப்புச் சொல்வார். தமிழ்க் கடையில் அரிசிமாப் பையைப் பிரித்துக் காட்டாமல் வாங்கமாட்டார். கடைக்காரர் அக்காவைக் கண்டதும் ஒரு பையைப் பிரித்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார். ஒருநாள் என் வீட்டில் தேநீர் போடும்போது பால் பெட்டியிலிருந்து ஒரு துளியை விரலில் எடுத்து உரசினார்.

"உதிலை தண்ணி கலந்திருக்கு."

"அக்கா, உது கொழுப்பு நீக்கின பால். பெட்டியிலை எழுதிக் கிடக்கு, பாருங்கோ."

"எழுதுறவன் என்னத்தையும் எழுதுவான்."

இதுதான் அவருடைய வேதவாக்கு. ஒரு நாளில் எத்தனை தடவை இதைக் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. எரிச்சலாக வரும். ஆனால் எரிச்சல்பட்டுப் பிரயோசனமில்லாதபடி அந்த விரல்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடும். என் தங்கைக்குப் பேசிய மாப்பிள்ளை, தான் கட்டட வேலை செய்வதாகச் சொல்லியிருந்தான். பெண் பார்க்க வந்தபோது அக்கா அவனுக்குக் கைகொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் வந்து, "கை மெத்தெண்டு கிடக்கு. உவன் செங்கல்லைக் கண்ணாலைகூடக் கண்டிருக்கமாட்டான்" என்று என் காதுக்குள் சொன்னார். விசாரித்தால் அவன் வேலைக்கே போகாமல் தமையன் வீட்டில் படுத்திருக்கிறவன். தொழிற்சாலையிலும் அப்படித்தான். நாங்கள் போத்தல்களுக்குப் பிளாஸ்ரிக் மூடி செய்யும் லைனில் நின்றோம். ஒருமுறை அக்கா மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு மெசினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். சுப்பர்வைசர் பெண் முதலில் சத்தம் போட்டாள். பிறகு பார்த்தால் அந்தத் தொகுதி முழுவதும் கையால் அழுத்தினாலே வெடித்தது. அன்றிலிருந்து சுப்பர்வைசரே மூடியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் வருவாள்.

ஆகவே எண்ணெய் விஷயத்திலும் அக்கா விரலைத்தான் நம்பினார் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வான் பழுப்பு நிறம். பழையது, ஆனால் என்ஜின் நல்லது. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பின்னால், திறந்த வெளியில் நிற்கும். அக்காவின் கணவர் இரவு வேலைக்காரர், நாங்கள் புறப்படும் நேரத்தில்தான் வீடு திரும்புவார், வான் விஷயத்தில் வாயே திறக்கமாட்டார். ஓட்டுவது, கழுவுவது, எண்ணெய் மாற்றுவது எல்லாம் அக்காதான். காலையில் எங்களை ஏற்றுவதற்கு முன்னால், என்ஜினுக்குள் எண்ணெய் எவ்வளவு என்று பார்க்கும் கம்பியை உருவி, நுனியிலிருப்பதை விரலில் எடுத்து உரசுவார். நாங்கள் ஆறு பேரும் குளிரில் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டு நிற்போம். "ஓம்" என்று அவர் தலையாட்டிய பிறகுதான் கதவு திறக்கும். முன்சீற் எனக்கு. அந்த உரிமையை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

எண்ணெய்ப் போத்தலில் இரண்டு இலக்கம் போட்டிருக்கும். முதல் இலக்கம் எண்ணெய் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது சூட்டில் எப்படி இருக்கும் என்பதற்கு. கனடாவில் கார் வைத்திருக்கிற வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. முதல் இலக்கம் சிறிதாக இருந்தால் பனிக்காலத்தில் எண்ணெய் இளகி ஓடும், என்ஜின் உடனே பிடிக்கும். உதிரிப்பாகக் கடைக்காரன் அக்காவுக்கு ஐந்து-முப்பது என்று போட்ட போத்தலைத்தான் எடுத்துக் கொடுத்தான். அக்கா மூடியைத் திறந்து ஒரு துளி எடுத்து உரசினார். மூடியைப் பூட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"இதென்ன, தண்ணி. கலப்படம்."

அவன் இருபது-ஐம்பது என்ற போத்தலைக் காட்டினான். பாலைவனத்தில் ஓடுகிறவர்களுக்கு நல்லது என்று பகிடியாகச் சொன்னான். நான்தான் மொழிபெயர்த்தேன். அக்கா அதை உரசினார். தேன்போல விரலில் நின்றது. முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான் எண்ணெய்."

அப்போதே நான் சொன்னேன், குளிருக்கு இது ஆகாதாம் என்று. "மெல்லிய எண்ணெய் செய்யிற வேலையை நான் கண்ணாலை கண்டனான். நீ காணேல்லை" என்றார். அதற்கு மேல் அவரோடு பேச முடியாது. ஏனென்றால் அந்தக் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். வானில் ஏறிய முதல் கிழமையிலேயே யாருக்கும் அந்தக் கதை சொல்லப்பட்டுவிடும்.

கதை இதுதான். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம். அக்காவிடம் ஒரு சின்ன ஸ்கூட்டர் இருந்தது. எல்லோரையும் போல அவரும் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார். என்ஜின் எண்ணெயைச் சந்திக்கடைக்காரர் ஒருவர் போத்தலில் அளந்து விற்றார். ஒரு சித்திரை மாத மத்தியானம், நெஞ்சு நோகிறது என்ற தகப்பனைப் பின்னால் இருத்தி, சேலைத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார் அக்கா. பாதி வழியில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. அக்கா இறங்கி எண்ணெய்க் கம்பியை உருவித் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. மாட்டு வண்டி ஒன்று பிடித்து ஏற்றிப் போவதற்குள் தகப்பன் போய்விட்டார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அன்றே அக்கா சந்திக்குப் போய், அந்தக் கடைக்கு முன்னால் நின்று, வீதியால் போன வந்த எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டார். "எண்ணெய்க்குள்ளை மண்ணெண்ணெய் கலந்து வித்து என்ரை அப்பாவைக் கொன்றுபோட்டியே, தண்ணியெண்ணெய்!" அந்த மனிதர் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லையாம். அவர் பேசாமல் நின்றதே குற்றத்தை ஒப்புக்கொண்டது போல என்று அக்கா சொல்வார். எங்கள் ஆட்கள் பட்டப்பெயர் வைப்பதில் வஞ்சகம் செய்யமாட்டார்கள். அன்று பின்னேரமே அவர் தண்ணியெண்ணெய் ஆகிவிட்டார். கொஞ்ச நாளில் கடையும் பூட்டப்பட்டது.

அவரும் பிறகு குடும்பத்தோடு கனடா வந்துவிட்டார். அவருக்கு முன்னாலேயே பட்டப்பெயர் வந்து ஸ்காபரோவில் இறங்கியிருந்தது. கலியாண வீட்டில் "ஆர் உவர்?" என்று கேட்டால், பேரைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. தண்ணியெண்ணெய் என்றால் உடனே, "ஓ, அந்த ஆளோ" என்பார்கள். றிச்மண்ட் ஹில் கோயிலில் அவர் கிழக்கு வாசலால் வந்தால் அக்கா மேற்குப் பக்கம் போய் நிற்பார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அந்தக் கடைக்காரருக்கு ஒரு மகள் இருந்தாள். பத்தொன்பது, இருபது வயது. எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் இருந்தார்கள். அவளும் எங்கள் தொழிற்சாலையில், எங்கள் லைனில், எங்களைப் போலவே ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வேலைக்குச் சேர்ந்தாள். மெலிந்த பிள்ளை, தலையைக் குனிந்து வேலை செய்வாள். இரண்டு பஸ் மாறி வரவேண்டும். வானில் ஒரு சீற் காலியாக இருந்தது. இறுதி வரிசையில், யன்னலோரம். அந்தப் பிள்ளை ஒரு இடைவேளையில் அக்காவிடமே வந்து, "அன்ரி, உங்கடை வானிலை இடமிருக்கோ?" என்று கேட்டாள். அக்கா அவளுடைய முகத்தைப் பார்க்காமல், "இல்லை" என்றார்.

எங்கள் வான் கட்டடத்தின் பின்னாலிருந்து சுற்றிக்கொண்டு முன் வீதிக்கு வரும்போது பஸ் தரிப்பில் அவள் நிற்பாள். ஒவ்வொரு நாளும். கார்த்திகையில் நின்றாள், மார்கழியில் நின்றாள். கழுத்துத் துண்டை மூக்குவரை சுற்றியிருப்பாள், கண் மட்டும் தெரியும். வான் அவளைக் கடந்து போகும். பின்னால் அந்தச் சீற் காலியாக இருக்கும்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, தேப்பன் செய்ததுக்கு மோள் என்ன செய்வாள்?" என்றேன்.

"உனக்குப் பாவமெண்டால் நீ இறங்கி அவளோடை நில். உன்ரை சீற்றும் காலியாகும், காலை நீட்டிக்கொண்டு ஓடலாம்."

நான் இறங்கவில்லை. வெளியே சுழியத்துக்குக் கீழே பதினெட்டு.

ஏஜென்சியில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். மூன்றாம் தரம் பிந்தி வந்தால் அடுத்த நாள் வரத் தேவையில்லை. தை மாதத்துக்குள் அந்தப் பிள்ளை இரண்டு தரம் பிந்திவிட்டாள், பஸ் பனிக்குள் அகப்பட்டதால். தகப்பனுக்கு முதுகு நோ, வேலையில்லை, அவளுடைய சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்று லைனில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

பிறகு குளிர் எங்கள் பக்கம் திரும்பியது. அந்த வருடம் தை மாதம் மூக்குமயிரே உறையும் குளிர். ஒருநாள் காலை அக்கா எண்ணெய்க் கம்பியை உரசி, "ஓம்" என்று தலையாட்டி, ஏறி, சாவியைத் திருப்பினார். என்ஜின் நோயாளி மாதிரி இரண்டு முறை முனகியது, பிறகு அதுவும் இல்லை. பக்கத்துக் காரிலிருந்து வயர் போட்டுத்தான் கிளப்பினோம். நாங்கள் ஏழு பேரும் பிந்தினோம். அடுத்த கிழமை மறுபடி. இரண்டாம் தரம்.

"எண்ணெயை மாத்துங்கோ அக்கா" என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னோம். ஒருத்தி வேறு வான் பார்க்கப் போவதாகவே சொல்லிவிட்டாள். இன்னொருத்தி என்ஜினைச் சூடாக வைத்திருக்கும் மின்கம்பி பூட்டச் சொன்னாள். எங்கள் வாகனத் தரிப்பில் அதைச் செருக மின்சாரம் எங்கே இருக்கிறது? அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெருமையோடு சொல்வது ஒன்றே ஒன்று: என்ரை வான் ஒருநாளும் நிண்டதில்லை. அது போய்விட்டதில் அவருக்கு முகமே கறுத்துவிட்டது.

"என்ரை வானாலை ஒருத்தற்றை வேலையும் போகாது. நான் ஒரு வழி பாத்து வைச்சிருக்கிறன்" என்றார்.

பார்த்த வழி என்னவென்றால், அன்று பின்னேரம் வேலையால் வந்ததும் வானுக்குக் கீழே அட்டை விரித்துப் படுத்து, தடித்த கையுறையோடு அடியிலிருந்த போல்ற்றைக் கழற்றி, எண்ணெய் முழுவதையும் ஒரு பெரிய அலுமினியப் பானையில் பிடித்தார். பானையை வீட்டுக்கு எடுத்துப் போனார். மின்தூக்கியில் கூட வந்த வெள்ளைக்காரக் கிழவர், சூப்போ என்று கேட்டாராம். காலையில் சூடாக்கி மறுபடி என்ஜினுக்குள் ஊற்றுவதாகத் திட்டம். எங்கள் வீடுகளில் பனிக்காலத்தில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகிவிடும், தலைக்கு வைப்பதற்கு முன் சுடுதண்ணீருக்குள் நிறுத்தி இளக்குவோம். அதே வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில். எண்ணெயை மாற்றுவதை விட்டுவிட்டு இப்படியும் ஒரு மனுசி செய்வாளா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனாலும் பானை தூக்க உதவிக்கு என்று விடிய முன்பே போனேன். வீடு முழுக்கக் கராஜ் மணம். அடுப்பில் பெரிய சட்டியில் தண்ணீர் கொதித்தது, அதற்குள் எண்ணெய்ப் பானை இருந்தது. அக்கா கோட்டுப் போட்டு, தொப்பி போட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டு நின்றார்.

"காணும் அக்கா, இறக்குங்கோ."

"பொறு, பாத்திட்டு."

கரண்டியில் கொஞ்சம் எடுத்து, சூடு ஆறட்டும் என்று ஊதி, வழக்கம்போல இரண்டு விரலுக்கும் நடுவில் உரசினார். கை அப்படியே நின்றது. மறுபடி எடுத்தார். மறுபடி உரசினார். எண்ணெய் விரலில் நிற்காமல் மணிக்கட்டுவரை வழிந்து ஓடியது.

"உது தண்ணியாக் கிடக்கு" என்றார்.

"சூடாக்கினால் எந்த எண்ணெயும் இளகும்தானே. தாச்சிச் சட்டியிலை நல்லெண்ணெய் இளகிறேல்லையோ? கெதியா வாங்கோ, நேரம் போகுது."

"நான் தொட்டுத்தானே வாங்கினனான். தேன் மாதிரிக் கிடந்தது."

"அப்ப குளிரா இருந்தது. இப்ப சூடா இருக்கு. அவ்வளவுதான்."

நான் அவசரத்தில் சொன்ன சொல். எனக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. அக்கா அடுப்பை நிறுத்தினார். கதிரையை இழுத்து அதில் இருந்தார். அவருக்கு இடுப்பில், நாரியில் ஏதோ பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அண்டைக்கும் என்ஜின் சூடாத்தான் இருந்தது" என்றார். "சித்திரை வெய்யில். அரை மணித்தியாலம் ஓடின என்ஜின். நான் சூட்டிலை எண்ணெயைத் தொட்டது அந்த ஒருநாள்தான். மற்ற எல்லா நாளும் விடியக்காலமை, ஆறின என்ஜினிலை தொட்டனான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அப்ப என்ஜின் ஏன் பிள்ளை இறுகினது?"

"எனக்கெப்பிடித் தெரியும் அக்கா? மண்ணெண்ணெயிலை ஓடின என்ஜின். எதாலையும் இறுகியிருக்கும்."

"அவர் நல்ல எண்ணெயே தந்திருப்பார், என்ன?"

தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது? அது நல்ல எண்ணெயா கலப்பட எண்ணெயா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அக்காவாலும் சொல்ல முடியாது. முடியாத ஒன்றைத்தான் அவர் இத்தனை வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறார். அக்கா கையைத் துடைக்கத் துணி தேடினார். துணி முன்னாலேயே கிடந்தது, அவருக்குத் தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

பானையைத் தூக்கிக்கொண்டு கீழே போய் ஊற்றினோம். வான் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. மற்ற ஐந்து பேரும் கைதட்டினார்கள். அக்கா சிரிக்கவில்லை. சுற்றிக்கொண்டு முன் வீதிக்கு வந்தோம். பானை வேலையால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பிந்தியே வந்தோம், அப்படியும் பஸ் வந்திருக்கவில்லை, அந்தப் பிள்ளை தரிப்பில் நின்றாள். அக்கா வானை நிறுத்தினார். பின்னால் இருந்தவர்கள், வான் பழுதாகி நின்றுவிட்டது என்று நினைத்து ஐயோ என்றார்கள். அக்கா இறங்கிப் போனார். நான் யன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

"பிள்ளை, ஏறு."

"இல்லை அன்ரி. பஸ் வரும்."

"உங்கடை அப்பாவைப் பற்றி நான் சொன்னது பிழை. எனக்குத் தெரியாத ஒண்டைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லிப்போட்டன். இண்டைக்குத்தான் விளங்கினது."

அந்தப் பிள்ளை கழுத்துத் துண்டை வாயிலிருந்து இறக்கினாள். அழவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை.

"உதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? எனக்கு அப்பாவைத் தெரியும். ஆருக்குச் சொன்னியளோ, அவைக்குச் சொல்லுங்கோ."

பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

அக்கா திரும்பி வந்து வானில் ஏறி, எங்கள் பக்கம் முழு உடம்பையும் திருப்பி, எண்ணெய்க் கதையை முதலிலிருந்து சொன்னார். இந்த முறை பானையில் கண்டதையும் சேர்த்துச் சொன்னார். வேகமாக, ஒன்றையும் விடாமல். சொல்லி முடித்துவிட்டுப் பஸ்ஸின் பின்னாலேயே வானை விட்டார். பஸ் நிற்கும் இடமெல்லாம் நின்றார்.

"அக்கா, முந்திப் போங்கோ! எங்களுக்கும் இது மூண்டாம் தரம்!"

"அவளுக்கும் மூண்டாம் தரம். இந்தப் பஸ் இண்டைக்கு நேரத்துக்குப் போகாது. ஒருத்தி பிந்தினால் அவளை வேலையாலை நிப்பாட்டுவினம். லைன் முழுக்கப் பிந்தினால் ஆரை நிப்பாட்டிறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கதவைத் திறந்து குதித்துவிடலாமா என்றிருந்தது. இரண்டாவது பஸ்ஸுக்காக அந்தப் பிள்ளை நின்ற தரிப்பிலும் வான் ஒதுங்கி நின்றது. அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம். தொழிற்சாலை வாசலில் அவள் இறங்கி ஓட, அவளுக்குப் பின்னால் நாங்கள் ஏழு பேரும் ஓடினோம். எட்டுப் பேர் நிற்க வேண்டிய லைன் வெறுமையாகக் கிடந்தது. சுப்பர்வைசர் பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் போர்த்துக்கல்காரி, சத்தம் பெரிது, மனம் கல் இல்லை.

அக்கா எல்லோருக்கும் முன்னால் போய், "மை வான். நோ ஸ்டார்ட். ஓல் மை பீப்பிள்" என்றார்.

"திஸ் கேர்ள் ஓல்சோ?"

"ஓல்சோ. மை வான் நோ குட்."

மற்ற லைன்களில் நின்ற தமிழ்ச் சனம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. வானைப் பற்றி ஒருவர் ஒரு குறை சொல்ல விடாத மனுசி. அந்தப் பிள்ளை வாயைத் திறக்கப் போனாள், நான் அவளுடைய காலை மிதித்தேன். சுப்பர்வைசர் எங்களை ஒருமுறை எண்ணினாள். வெறும் லைனைப் பார்த்தாள். பிறகு, போய் நில்லுங்கள், இதுதான் கடைசி என்றாள். ஒருவருடைய வேலையும் போகவில்லை.

அதற்குப் பிறகும் அந்தப் பிள்ளை வானில் ஏறவில்லை. அக்கா ஒவ்வொரு நாளும் தரிப்பில் நிறுத்தி, கதவைத் திறந்து, அவள் தலையசைத்த பிறகு மூடிக்கொண்டு போனார். சனி ஞாயிறுகளில், தான் கதை சொன்ன வீடுகளுக்கெல்லாம் போய்த் திருத்திச் சொன்னார். கோயில் மடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார். சனத்துக்கு அதில் அவ்வளவு ருசியில்லை. "சரி, பழைய கதை, விடுங்கோ" என்றார்கள். ஒரு மனிதர், "அதுக்கென்ன, பேர் பொருத்தமாத்தானே கிடக்கு" என்று சிரித்தார். அக்கா அவருடைய இலைக்கு முன்னாலேயே இருந்து இரண்டாம் தரமும் முழுக்கச் சொன்னார்.

எண்ணெயை மட்டும் மாற்றவில்லை. பானையோடுதான் நாள் போனது. ஏன் என்று கேட்டேன்.

"என்னத்தைப் பாத்து மாத்திறது? எழுதினதையும் நம்பேல்லை. இப்ப கையையும் நம்ப ஏலாமக் கிடக்கு."

கடையில் அவர் அரிசிமாவைத் தொடாமல் வாங்கியதை அந்தக் கிழமைதான் முதல் தடவையாகப் பார்த்தேன். கடைக்காரர் பிரித்து வைத்த பை பிரித்தபடி கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய விரல் தீர்ப்புகள் இல்லாமல் அக்காவைப் பார்க்க, வேறு யாரையோ பார்ப்பது போலிருந்தது.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. மத்தியானம், நல்ல வெயில், ஆனால் விறைக்கிற குளிர். அக்கா அட்டையில் படுத்து எண்ணெயைப் பானையில் பிடித்துக்கொண்டிருந்தார், நான் பானையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். யாரோ பனியில் நடந்து வருகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். அந்தப் பிள்ளையும் தகப்பனும். அவர் ஒரு கையை முதுகில் கொடுத்தபடி மெதுவாக நடந்தார். மற்றக் கையில் ஒரு பை இருந்தது. அக்கா வானுக்குக் கீழிருந்து வெளியே வந்து எழும்பி நின்றார். கையுறை இரண்டையும் கழற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், அந்தப் பிள்ளையின் தகப்பன் கையைக் காட்டித் தடுத்தார்.

"எல்லாம் கேள்விப்பட்டனான் தங்கச்சி. போற இடமெல்லாம் சொல்லுறீராம். காணும்."

"அண்ணை..."

"பிள்ளை நாளையிலிருந்து உம்மடை வானிலை வரட்டும். ஆனால் உந்தப் பானை எண்ணெயோடை நான் என்ரை பிள்ளையை ஏத்திவிடமாட்டன்."

பையிலிருந்து ஐந்து-முப்பது போட்ட போத்தலை எடுத்தார். குனிய முடியாததால் வானின் முன்பக்கத்தில் வைத்துத்தான் திறந்தார். மூடிக்குள் கொஞ்சம் சரித்து, ஒரு துளி சிந்தாமல், வியாபாரி வாடிக்கையாளரிடம் நீட்டுகிற மாதிரி அக்காவிடம் நீட்டினார்.

"தொட்டுப் பாரும்."

அக்கா மூடியைப் பார்த்தார். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ஊத்துங்கோ அண்ணை" என்றார்.